ஓரடி பின்னால் வரும் குரல்

மழை விட்ட மறுநாள் ஏரியிலிருந்து ஈ கிளம்பும். கரையில் நின்று பார்த்தால், தண்ணீருக்கு நடுவே நாலைந்து இடத்தில் யாரோ குப்பை கொளுத்துவதுபோல் கருத்த புகை எழும்பும். அது புகையல்ல, அத்தனையும் ஈ. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் புலேவா துறையில் களி கிண்டுகிறவள் முக்காட்டுக்குள் சட்டியை வைத்துத்தான் கிண்ட வேண்டும்.

அன்றும் காற்று திரும்பியிருந்தது. நங்கோபி ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிட்டு, வேலை மேசையைப் பழைய கொசுவலையால் மூடி வைத்திருந்தாள். பதினோரு நாளாக அந்த வலைக்கு அடியில் கை போகவில்லை.

வாசலில் பலகை ஒன்று இருந்தது. ‘எல்லா ஒலிப்பெட்டியும் பழுது பார்க்கப்படும்’ என்று அவள் கையாலேயே எழுதியது. ஜிஞ்சா பக்கத்துச் சின்னச் சபைகளின் போதகர்களெல்லாம் அவளிடம்தான் வருவார்கள். ஒலிபெருக்கியில் சத்தம் வரவில்லை என்றால்கூட நாலு நாள் பொறுப்பார்கள். எதிரொலி வரவில்லை என்றால் ஒரு ஞாயிறு தாங்கமாட்டார்கள். “எதிரொலி இல்லாம அல்லேலூயா சொன்னா, சந்தையில வெங்காயம் விக்கிற மாதிரி இருக்கும்மா” என்று ஒரு போதகர் அவளிடம் வருத்தப்பட்டார். இனி பிழைக்காது என்று ஆன பாட்டுப்பெட்டிகளை அவளிடமே விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றின் வயிற்றுக்குள் எட்டுக்கால் பூச்சிபோல் ஒரு சில்லு இருக்கும். உள்ளே போகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து பிறகு வெளியே விடுகிற சில்லு. அதை மட்டும் நோகாமல் உருவி எடுத்து டப்பாவில் சேர்த்து வைப்பாள்.

அப்படிச் சேர்ந்த சில்லுகளால் அவள் கட்டியதுதான் மேசைமேல் இருந்த பெட்டி. உடைந்த படகுப் பலகையில் சட்டம். ஓட்டைச் சட்டியின் அலுமினியத்தை அடித்து நிமிர்த்தி வெட்டிய பதின்மூன்று தகடுகள். தகட்டுக்குத் தகடு திருகுகளும் துளைகளும். ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குக் கலர் கலராக ஒயர் சொருகினால் சத்தம் அந்த வழியாகப் போய்வரும். அந்தப் பதின்மூன்றில் ஐந்து, சத்தத்தைத் தாமதிக்கிற தகடுகள்.

வாரம் ஒருமுறை ஜிஞ்சா வானொலியில் லுசோகா மொழி நாடகம் வரும். அதற்கு ஓசை எல்லாம் இந்தப் பெட்டியிலிருந்துதான். ‘டிக்’ என்று ஒரு சின்னத் தட்டலை உள்ளே விட்டு, தாமதத்தைக் குறுக்கி, வெளியே வந்ததைத் திரும்பத் திரும்ப உள்ளேயே ஊட்டினால் அது நரம்பு மீட்டிய சத்தம் ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் நீட்டினால் குகையில் நீர் சொட்டும். தாமதத்தை அலைபோல மெல்ல ஆட்டிவிட்டால், பேசுகிறவன் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவான். ஊட்டுவதை அளவு மீறவிட்டால் சத்தம் தன்னைத்தானே தின்று பெருத்து ஊளையிடும். அதுதான் நாடகத்தில் புயல். நீளத் தாமதத்தில் அந்தச் சில்லுக்குக் கரகரப்பு உண்டு. தெளிவாகப் போன பேச்சு மூடுபனிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பதுபோல் மங்கி வரும். நங்கோபிக்கு அந்தக் கரகரப்புத்தான் பிடிக்கும்.

புருஷன் கிருண்டா வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பதினோரு நாளாக அங்கேதான். சர்க்கரைவள்ளியும் கடலைக்குழம்பும் தட்டில் வைத்துக் கொடுத்தால் பாதி தின்பான். மீதியைக் கோழிக்குத் தள்ளிவிடுவான். மூத்தவன் மோசஸும் தங்கச்சியும் இகங்காவில் பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை.

கிருண்டா படகில் எஞ்சின் பிடிக்கிறவன். படகு மகும்பாவுடையது. தீவிலிருந்து கருவாட்டுப் பொடிமீன் மூட்டைகளும் ஆட்களுமாக விடியலில் கிளம்பிய படகு, பாதி ஏரியில் மழைக்காற்றில் கவிழ்ந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். போனது ஒரு உப்பு வியாபாரியும், பபிரியேயின் மகள் முதேசியும். முதேசிக்குப் பதினாறு வயது.

போலீஸ் வந்து கேட்டபோது கிருண்டாவால் சொல்ல முடியவில்லை. துக்கத்தால் மட்டுமல்ல, அவனுக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். பழகியவர்களிடம் நாலு வார்த்தை தட்டுத்தடுமாறி வரும். அந்நிய முகத்தைக் கண்டால் தாடை பூட்டிக்கொள்ளும். அவன் “மூ... மூ...” என்று நின்றபோது மகும்பா பக்கத்திலிருந்து பேசினார். மகும்பா சபையில் மூப்பர். வாய் திறந்தால் வெண்ணெய் வழியும். மூட்டை முப்பதுதான் ஏற்றினேன், இவன் காலையிலேயே சாராயம் போட்டிருந்தான் என்றார். பிழைத்த மற்ற ஐந்து பேரும் அவரிடம் கூலி வாங்குகிறவர்கள், மறுத்துச் சொல்லவில்லை. போலீஸ் எழுதிக்கொண்டு போனது. துறைக் குழு சனிக்கிழமை கூடி விசாரிக்கும் என்று தலைவர் கடாமா ஆள் அனுப்பியிருந்தார். அன்று வியாழன்.

பக்கத்து வீட்டு எசேரி, தீவுக்குப் போய்ப் பொடிமீன் காயவைத்து மூட்டை கட்டிவிட்டு வருகிறவள். விபத்துக்குப் பிறகு இந்தப் பக்கமே தலை காட்டவில்லை. அன்று வேலியோரம் விறகு பொறுக்க வந்தவளை நங்கோபி பிடித்துக்கொண்டாள். எசேரியின் மூத்த மகள் பெயர் ரேச்சல்.

“என்ன ரேச்சல் அம்மா, நம்ம வீட்டு வாசல்ல பாம்பு கிடக்கா?”

“ஈதான், மோசஸ் அம்மா. இந்த ஈயில எங்க வெளிய வர்றது?”

“விறகு பொறுக்க மட்டும் ஈ வழி விடுதாக்கும்.”

எசேரி சிரிக்கவில்லை. “அவர் ஏதாச்சும் பேசினாரா?” என்றாள்.

“எதைப் பேசுவார்?”

“ஒண்ணுமில்லை, சும்மா கேட்டேன்.” விறகை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் வானொலியிலிருந்து மெர்சி கூப்பிட்டாள். இந்த வாரக் காட்சியில் வழிதவறிய ஒருவன் பாறைக் குகைக்குள் நின்று கத்துகிறான். வெள்ளிக்கிழமைக்குள் குகை வேண்டும். “உன்னால முடியலைன்னா சொல்லு அக்கா, அந்தக் காட்சியை எடுத்துடறேன்” என்றாள். “வேண்டாம், தர்றேன்” என்று நங்கோபி சொன்னதற்குக் காரணம், சும்மா உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்ததுதான்.

கொசுவலையை எடுத்தாள். மோட்டார் சைக்கிள் பேட்டரியில் ஒயரைக் கவ்வவிட்டாள். தகடுகளில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழித்தன. பின்பக்கம் எட்டிப் பார்த்து, “மோசஸ் அப்பா, கொஞ்சம் காது கொடுங்க” என்றாள்.

இது அவர்களுக்குள் பழைய வழக்கம். அவள் திருகுவாள், அவன் காதுப்பெட்டி மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பான். சரியென்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பான், சரியில்லை என்றால் மூக்கைச் சுளிப்பான். ஏரிக்காரன் காது, பொய்த் தண்ணீரை உடனே கண்டுபிடித்துவிடும். அவன் எழுந்து வந்தான். சட்டையில் ஒட்டியிருந்த ஈயைத் தட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான்.

அவன் காதுப்பெட்டியை மாட்டிக்கொண்டதும் முன்னால் ஒலிவாங்கியை வைத்தாள். “கை தட்டுங்க.”

தட்டினான். குகை பெரிதாக இருந்தது. மூக்கைச் சுளித்தான். தாமதத்தைக் குறைத்தாள். மறுபடி தட்டினான். குகை சிறுத்து அறையாகி, அறை சிறுத்துப் பீப்பாய் ஆனது.

“கைச்சத்தத்துல பிடிபடலை. ஏதாச்சும் சொல்லுங்க. சும்மா ஊம்னாலும் போதும்.”

அவன் வாயைத் திறந்தான். அவள் இன்னும் திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

“சாயங்காலம் மழை வரும்போல இருக்கு” என்றான் கிருண்டா.

நங்கோபியின் விரல் திருகின் மேலேயே நின்றுவிட்டது. பதினான்கு வருஷக் குடித்தனத்தில் அவன் ஒரு வாக்கியத்தை முதலிலிருந்து கடைசிவரை உடையாமல் சொல்லி அவள் கேட்டதில்லை. அவனும் திகைத்துப்போய் ஒலிவாங்கியைப் பார்த்தான்.

“இன்னொருவாட்டி சொல்லுங்க.”

“மழை வரும்போல... இருக்கு.” குரல் வழக்கத்தைவிட இழுவையாக, அரைத்தூக்கத்தில் பேசுகிறவனுடையதுபோல் வந்தது. ஆனால் எங்கேயும் பூட்டிக்கொள்ளவில்லை. “எனக்குப் பின்னால ஒருத்தன் வர்றான். நான் சொல்றதையே சொல்லிக்கிட்டு ஓரடி பின்னால வர்றான். அவன் வர்றதால எனக்குப் பயமில்லாம இருக்கு.”

அவள் காதுப்பெட்டியை வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தாள். “கர்த்தர் என்...” என்று தொடங்கியவள் நாக்கு முடிச்சு விழுந்து, “என் மே... மே... மேய்ப்...” என்று தடுமாறி நின்றாள். தன் குரலே காலில் சிக்கிய கயிறுபோல் இடறியது. கிருண்டா சிரித்தான். பதினோரு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. “இ... இ... இப்ப த... தெரியுதா” என்றான், காதுப்பெட்டி இல்லாத வாயால்.

அந்தப் பிற்பகல் முழுக்க இருவரும் இடம் தேடினார்கள். திருகை அதிகம் நீட்டினால் அவன் பேச்சு மறுபடி உடைந்தது. அதிகம் குறுக்கினாலும் உடைந்தது. நடுவில் ஓரிடத்தில் ஓடியது. அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். ஈ அடங்கி, வெளியே வெயில் மஞ்சளாகத் தணிந்து, ஏரிப்பக்கம் உறுமல் தொடங்கியிருந்தது. வாய் கிடைத்த மனுஷன் முதலில் பேசியது என்ன தெரியுமா? குழம்பைப் பற்றி.

“கடலைக்குழம்புல நீ உப்பு அதிகம் போடறே. கல்யாணமான நாள்லேருந்து சொல்லணும்னு இருந்தேன்.”

“பதினாலு வருஷமாவா?”

“உ-வில ஆரம்பிக்கிற வார்த்தை எனக்கு வராது. அதனால தின்னுக்கிட்டே இருந்தேன்.”

அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னான். மோசஸின் மாறுகண்ணைப் பற்றிச் சொன்னான். தன் பெயரைப் பத்து முறை சொல்லிப் பார்த்தான். கூரைத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

“மோசஸ் அம்மா, மூட்டை நாப்பத்தாறு” என்றான்.

அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள்.

“தண்ணி விளிம்புக்கு நாலு விரல்தான் இருந்துச்சு. நான் தீவுக்கரையில நின்ன மகும்பா அய்யாகிட்ட விரலைக் காட்டினேன். அவர், ஏரி இன்னிக்குப் பால் மாதிரி கிடக்கு, போடான்னார். நான் போனேன். குடிக்கலை. குடிச்சிருந்தாக்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும். தெளிவாத்தான் எஞ்சினைக் கிளப்பினேன்.”

“உங்க மேல தப்பில்லைங்க, அவர் சொன்னா நீங்க...”

“இன்னும் இருக்கு, கேளு. படகு கவுந்ததும் எண்ணெய் கேன் ஒண்ணு என் கைக்கு வந்துச்சு. அந்தப் பக்கம் முதேசி பிடிச்சிருந்தா. சுத்தி மழைமூட்டம், மத்தவங்க எங்கேன்னே தெரியலை. ரெண்டு மணி நேரம் இருக்கும். அந்தப் பொண்ணு பேசிக்கிட்டே இருந்தா. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தா, ‘மாமா, நீங்க சிரமப்படாதீங்க, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசறேன்’னா.”

மழை வலுத்தது. நங்கோபி ஒலிவாங்கியை அவன் பக்கம் இன்னும் நெருக்கி வைத்தாள்.

“அப்புறம் அவ தொண்டை கட்டிடுச்சு. காத்து மட்டும்தான் வந்துச்சு. அப்பத்தான் ஒரு எஞ்சின் சத்தம். மூட்டத்துக்குள்ள, ரொம்பப் பக்கத்துல, நம்ம வீட்டுக்கும் கிணத்துக்கும் உள்ள தூரம்தான். அவ என்னைப் பாத்தா. ‘கூப்பிடுங்க மாமா’ன்னு உதட்டை அசைச்சா. நான் வாயைத் திறந்தேன்.” அவன் நிறுத்தினான். “வா... இந்த ஒரு எழுத்துத்தான் வேணும். ‘வாங்க’கூட வேண்டாம், ஒரு ஊளை போதும். பூட்டிக்கிச்சு. கையால தண்ணியை அடிச்சேன். மழையில அது யாருக்குக் கேக்கும்? சத்தம் தூரமாப் போயிருச்சு. அவ என்னை ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேனை விட்டுட்டா.”

நங்கோபி எழுந்துபோய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். காதுப்பெட்டிக்குள் தன் மூச்சே ஓரடி பின்னால் அவனுக்குக் கேட்டிருக்கும்.

“சனிக்கிழமை இதைச் சொல்லணுமா?” என்றாள் கடைசியில். “நாப்பத்தாறு மூட்டையைச் சொல்லுங்க. அது போதாதா? மத்தது ஏரிக்கும் உங்களுக்கும் மட்டும்தானே தெரியும்.”

“அவ அம்மாவுக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சு அவங்க என்ன செய்யப்போறாங்க?”

“அது அவங்க பாடு” என்றான் கிருண்டா.

சனிக்கிழமை கூட்டம் படகு கட்டுகிற கொட்டகையில். பாதி முடிந்த படகு ஒன்றின் விலா எலும்புகளுக்கு நடுவே பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புது மரப்பிசின் வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடித்தது. கொட்டகை உச்சியில் நாரைகள் இரண்டு, பென்ஷன் வாங்கப்போகிற குமாஸ்தாக்கள்போல் தோள் குறுகி நின்றன. முன்வரிசையில் பபிரியே துக்கத்தின் மரவுரித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாள்.

மகும்பா முதலில் பேசினார். அழகாகப் பேசினார். ஏரியைப் பற்றி, கர்த்தர் அழைக்கிற நேரத்தைப் பற்றி, தன் படகில் பிழைப்பு நடத்தும் குடும்பங்களைப் பற்றி. முப்பது மூட்டை என்றார். “அந்தப் பையன் மேல எனக்குக் கோபமில்லை. குடி மனுஷனைக் கெடுக்கும். நாம அவனுக்காக ஜெபிப்போம்.”

பிறகு கடாமா கூப்பிட்டார். நங்கோபி பெட்டியைத் தலையில் சுமந்து வந்து பலகைமேல் இறக்கினாள். பேட்டரியை மாட்டினாள். அவள் முழங்காலிட்டுப் பெரியவர்களை வணங்கிவிட்டு, “தலைவரே, என் புருஷன் தானேதான் பேசுவார். இது அவருக்கு ஒரு கைத்தடி, அவ்வளவுதான்” என்றாள். கடாமா தாடையைத் தடவிக்கொண்டு, “கைத்தடியோட வர்றவனை எந்தச் சபையும் வெளிய நிறுத்தினதில்லை. பேசட்டும்” என்றார்.

கிருண்டா காதுப்பெட்டியை மாட்டினான். பேசினான். துறையில் அவனோடு இருபது வருஷம் வலை இழுத்தவர்கள் அன்றுதான் அவன் குரல் உடையாமல் வருவதைக் கேட்டார்கள். இழுத்து இழுத்து, நிதானமாக, கனவிலிருந்து சொல்வதுபோல் சொன்னான். மூட்டை எண்ணிக்கையைச் சொன்னான். நாலு விரலைச் சொன்னான். எண்ணெய் கேனைச் சொன்னான். மூட்டத்துக்குள் போன படகையும் தன் வாய் திறக்காததையும் சொன்னபோது, பபிரியே முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் எழுந்தாள். மரவுரித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டாள்.

மகும்பாதான் எழுந்தார்.

“நல்லா இருக்கு” என்றார். “பிறந்ததுலேருந்து பேசாத வாய் இன்னிக்குப் பேசுது. யார் பேசறது, அவனா இல்ல இந்தப் பெட்டியா? இந்தப் பொம்பளை வானொலியில பேய்க்குக் குரல் கொடுக்கிறவ. இல்லாத புயலை உண்டாக்கறவ. இல்லாத பதினாறு மூட்டையை உண்டாக்கறது அவளுக்குப் பெரிசா?”

சிலர் தலையாட்டினார்கள். நங்கோபிக்கு முகம் எரிந்தது.

“அதைக் கொடு இப்படி” என்று காதுப்பெட்டியைக் கேட்டு வாங்கினார் மகும்பா. “உள்ளே என்ன ஓதறான்னு நானும் கேக்கறேன்.” மாட்டிக்கொண்டு ஒலிவாங்கி முன் நிமிர்ந்து நின்றார். “நான் ஏத்தினது முப்... முப்ப... பது மூட்... மூட்ட்...”

நின்றார். மறுபடி தொடங்கினார். வெண்ணெய் வாய் திரிந்தது. “கர்... கர்த்... த்தர் சாட்... சாட்சியா...” கழுத்து நரம்பு புடைத்தது. காதுப்பெட்டியைப் பிடுங்கி எறிந்தார்.

பின்வரிசையில் யாரோ, “பொய்யனைப் பிடிச்சிருச்சுடோய்” என்றான். சிரிப்பு பொங்கியது. “நிஜம் சொன்னவனுக்கு ஓடிச்சு, பொய் சொன்னவனுக்கு மாட்டிக்கிச்சு, பாருங்க.” ஒரு கிழவர் எழுந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிடவே போய்விட்டார். கடாமாவும் மகும்பாவை உற்றுப் பார்த்தார். “நாப்பத்தாறா மகும்பா?” என்றார்.

நங்கோபிக்குச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. பேசாமல் நின்றிருந்தால் போதும். பழி விலகிவிடும், புருஷன் தப்பிவிடுவான், மகும்பா சொன்னதும் பொய்தானே. அவள் கிருண்டாவைப் பார்த்தாள். அவன் கீழே விழுந்த காதுப்பெட்டியை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். இப்போதுதான், யாரும் கேட்காமலேயே, தன் கழுத்துக்குத் தானே கயிறு மாட்டிக்கொண்ட மனுஷன்.

“தலைவரே” என்றாள் நங்கோபி. “அது அப்படியில்லைங்க.”

“எது?”

“இது பொய்யனைப் பிடிக்கிற பெட்டியில்லை. யார் மாட்டினாலும் நாக்கு இடறும். சரளமாப் பேசறவங்களுக்கு இடறும், இவர் மாதிரி திக்கறவங்களுக்கு ஓடும். ஏன்னு எனக்குத் தெரியாது. இதோ பாருங்க.” காதுப்பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டாள். “என் பே... பேரு நங்... நங்கோ... பி. இது நி... நிஜம்தானே?”

சிரிப்பு நின்றது. கும்பிடப்போன கிழவர் ஏமாந்துபோய் உட்கார்ந்தார். “போச்சு போ” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். “கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுட்டாளே மூளை கெட்டவ.”

மகும்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. “அப்ப அவ்வளவுதான்” என்றார். “அவன் வாய் ஒண்ணு, என் வாய் ஒண்ணு.”

“இல்லை. மூணாவதா ஒரு வாய் இருக்கு.”

பேசியது எசேரி. ஓரத்தில் கூடைமேல் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். துணி முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

“முந்தின நாள் தீவுல அந்த மூட்டை வாயைத் தைச்சவ நான். நாப்பத்தாறு மூட்டை. ஊசி குத்தின விரல் இன்னும் ஆறலை. மகும்பா அய்யாதான் என் மீனை வாங்கறவர். அதனால வாயை மூடிக்கிட்டிருந்தேன். இவ புருஷன் தன் மேலேயே தப்புச் சொல்றான், இவ தனக்கு வந்த சாட்சியை வேண்டாங்கறா. நான் மட்டும் மூடிக்கிட்டு உக்காந்திருந்தா ராத்திரி எப்படித் தூங்கறது?”

அதற்குப் பிறகு நடந்தது நீளமில்லை. மகும்பாவின் படகு இனி புலேவாவிலிருந்து கிளம்பக்கூடாது. எசேரி சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்கிப் போலீசுக்கு அனுப்புவது. அதிகச் சுமை என்று தெரிந்தே எஞ்சினைக் கிளப்பியதற்காகக் கிருண்டா அடுத்த மழைக்காலம் வரை எஞ்சின் தொடக்கூடாது. இப்படி முடிவானது. தன் முறை வந்தபோது அவன் தலையாட்டினான். பெட்டியை அவனே தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அடுத்த நாட்களில் கிருண்டா பிறர் வலைகளைப் பின்னிக்கொடுத்தான். நங்கோபி குகையைத் தாமதமாக அனுப்பி மெர்சியிடம் திட்டு வாங்கினாள். சாயங்காலங்களில் சில நேரம் அவன் காதுப்பெட்டியை மாட்டிக்கொண்டு எதையாவது பேசுவான். சில நாள் கையால் தொடவும் மாட்டான். பபிரியே வீட்டுப் பக்கம் போக இருவருக்கும் கால் வரவில்லை. சந்தையில் அவளைத் தூரத்தில் பார்த்தால் நங்கோபி வேறு வழியாகத் திரும்பிவிடுவாள்.

மூன்றாவது வாரம், வெயில் நன்றாக ஏறின ஒரு முற்பகலில், பபிரியே அவளாகவே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். நங்கோபி பாய் விரித்து, முழங்காலிட்டு வரவேற்றாள். பால் தேநீர் கொடுத்தாள். பபிரியே அதை ஆறவிட்டாள். வீட்டுக்குள் வந்த கிருண்டா அவளைக் கண்டதும் சுவரோடு சாய்ந்து நின்றான்.

“உக்காரு தம்பி” என்றாள் பபிரியே.

உட்கார்ந்தான்.

“உன்னைத் திட்டணும்னு பத்து நாள் யோசிச்சேன். எந்த வார்த்தையும் சரியா வரலை.” அவள் பாயின் ஓர நாரைப் பிய்த்துக்கொண்டே பேசினாள். “அப்புறம்தான் தோணுச்சு. அவ ரெண்டு மணி நேரம் பேசினான்னு சொன்னியே. என்ன பேசினான்னு நீ சொல்லவே இல்லையே.”

கிருண்டா நங்கோபியைப் பார்த்தான். அவள் எழுந்து பேட்டரியை எடுக்கப் போனாள்.

“அது வேண்டாம்மா” என்றாள் பபிரியே.

“அது இல்லாட்டா இவருக்கு வராதுங்க அக்கா. ஒரு வார்த்தைக்கு...”

“வர்றது வரட்டும். அன்னிக்குக் கொட்டகையில எங்கேயும் நிக்காம சொல்லி முடிச்சிட்டான். என் பொண்ணு ஒரு மூச்சுல வந்து ஒரு மூச்சுல போயிட்டா.” தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தாள். “வீட்டுல எனக்கு ஒரு வேலையும் இல்லை. நீ மெதுவாவே சொல்லு தம்பி.”

கிருண்டா தொண்டையைச் செருமினான். கண்களை மூடினான். தாடை பூட்டிக்கொண்டது, திறந்தது, மறுபடி பூட்டிக்கொண்டது.

“மு... மு...” என்றான். “மு... முதல்ல... செ... செ...”

“செருப்பா?” என்றாள் பபிரியே மெல்ல.

அவன் தலையாட்டினான். “நீ... நீ...”

நங்கோபி வாயெடுக்கப் போனாள். பபிரியே கையை நீட்டி அவள் முழங்காலை அழுத்தினாள்; பார்வையைக் கிருண்டாவின் உதட்டிலிருந்து எடுக்கவில்லை. கோழிகள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. வெயில் நிலைப்படியைத் தாண்டிப் பாய்மேல் ஏறியது.

“நீ... ல... ச்... செருப்பு” என்றான் கிருண்டா. “தண்ணில... போ... போயிருச்சேன்னு... சொன்னா.”

“ஆமா” என்றாள் பபிரியே. “நீலச் செருப்புத்தான். தீவுக்குப் போறப்போ போட்டுக்கிட்டுப் போனா.” காலை மடக்கிச் சம்மணமிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். “அப்புறம் என்ன சொன்னா?”